'சுத்திகரிக்கப்பட்ட நீர்'னு போர்டு வைக்கிறதுக்கு முன்னாடி

கடையில வாங்குற தண்ணி கேன் லேபிள்ல "சுத்திகரிக்கப்பட்ட குடிநீர்"னு போட்டிருக்கும். அதே அபார்ட்மெண்ட்ல கீழ தோட்டத்துக் குழாய் மேல "சுத்திகரிக்கப்பட்ட நீர்"னு ஒரு போர்டு தொங்கும். முதல்ல சொன்னது குடிக்கிற தண்ணி, ரெண்டாவது எஸ்டிபில (கழிவுநீர் சுத்திகரிக்கிற பிளான்ட்) இருந்து வர்ற தண்ணி, அதாவது எல்லா வீட்டு கக்கூஸ் தண்ணியும் குளிச்ச தண்ணியும் சேர்ந்து போய் சுத்தம் பண்ணி செடிக்கு விடுறது. சாயங்காலம் விளையாடிட்டு தாகத்தோட ஓடி வர்ற புள்ளைக்கு இந்த ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் தெரியும் சொல்லுங்க?

எஸ்டிபி நடத்துற இடங்களுக்கு போர்டு, ஆபரேட்டர் மேனுவல் எல்லாம் தமிழ்ல எழுதித் தர்றது எங்க வேலையில ஒரு பகுதி, அதனாலதான் இதப் பத்தி எழுதணும்னு தோணுச்சு. 'ட்ரீட்டட் வாட்டர்'ங்கிறத அப்படியே தமிழ்ப்படுத்தினா வார்த்தைக்கு வார்த்தை சரியாத்தான் இருக்கும், ஆனா படிக்கிறவங்களுக்கு அது நல்ல தண்ணின்னுதான் அர்த்தம் ஆகும். 2017ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கொண்டு வந்த விதிப்படி எஸ்டிபி தண்ணில 100 மில்லிக்கு 1000 வரைக்கும் ஃபீக்கல் கோலிஃபார்ம், அதாவது மலத்துல இருந்து வர்ற கிருமி, இருக்கலாம். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்துல அதே 100 மில்லில ஈ கோலை ஒண்ணு கூட தட்டுப்படக் கூடாது. அதனால நான் எழுதறது "இது கழிவுநீரை சுத்தம் பண்ணி வர்ற தண்ணி. செடிக்கு மட்டும். குடிக்கக் கூடாது, வாய் கொப்பளிக்கக் கூடாது." போர்டு பெருசாகுதுன்னு அசோசியேஷன்ல சொல்லுவாங்க, பெருசானா பரவால்ல சார்.

ஃப்ளஷ் டேங்குக்கு எஸ்டிபி தண்ணி போற வீடுகள்ல இன்னொரு ஆபத்து இருக்கு. பாத்ரூம் ரிப்பேருக்கு வர்ற பிளம்பர் பக்கத்துல எந்த லைன் இருக்கோ அதுல ஒரு 'T' ஜாயின்ட் போட்டு ஹெல்த் ஃபாசெட்டுக்கு (கக்கூஸ்ல கழுவுற கை ஸ்ப்ரே) கனெக்ஷன் குடுத்துருவார், ரெண்டு பைப்பும் ஒரே வெள்ளை, தண்ணியும் பாக்க தெளிவா இருக்கும், அப்புறம் அந்த வீட்டுல உடம்பு கழுவுறதுக்கு எஸ்டிபி தண்ணிதான். அமெரிக்காவுல இதுக்குன்னே ஊதா கலர் பைப் போடுறாங்க, இங்கயும் கலர் பூசலாம், ஆனா பைப் எல்லாம் மேல போற டக்ட்டுக்குள்ள ஒவ்வொரு மாடியிலயும் பைப் மேலயே "ஃப்ளஷ் லைன், கழிவுநீர்ல இருந்து வந்தது"ன்னு எழுதி இருக்கணும்.

அடுத்தது 'ரா வாட்டர்', அதாவது இன்னும் சுத்தம் பண்ணாத தண்ணி. செம்பரம்பாக்கம் மாதிரி குடிநீர் சுத்திகரிக்கிற இடத்துல ரா வாட்டர்னா ஏரித் தண்ணி. அபார்ட்மெண்ட்ல ரா வாட்டர் சம்ப்னா உப்புத்தன்மை குறைக்கிற சாஃப்ட்னர் மெஷினுக்குப் போகாத போர் தண்ணி இல்ல லாரி தண்ணி. எஸ்டிபி ட்ராயிங்ல 'ரா சீவேஜ்'னா கக்கூஸ்ல இருந்து நேரா வந்து விழுறது. இது எல்லாத்துக்கும் "சுத்திகரிக்கப்படாத நீர்"னு ஒரே பேர் வச்சா வால்வு திறக்குறவர் என்ன பண்ணுவார்? சில மேனுவல்ல 'மூல நீர்'னு போட்டிருக்காங்க, அது சைட்ல யாருக்கும் புரியல. 'பச்சைத் தண்ணி'ன்னு போட்டா இன்னும் மோசம், நம்ம வீட்டுல பச்சைத் தண்ணின்னா சும்மா மொண்டு குடிக்கிற தண்ணி ஆச்சே. எங்க இருந்து வர்ற தண்ணின்னு சொல்லிட்டா போதும்: ஏரித் தண்ணி, போர் தண்ணி, கக்கூஸ் கழிவுநீர்.

ஹிந்தி பேசற ஆபரேட்டர்கள் இப்ப நிறைய சைட்ல இருக்காங்க, அங்கயும் ரா வாட்டருக்கு வெறும் 'கச்சா பானி'ன்னு எழுதாம எந்தத் தண்ணின்னு சேர்த்து எழுதணும்.

லேப் ரிப்போர்ட்ல 'எஃப்ளுயன்ட்'னு ஒரு வார்த்தை வரும். செய்தியில எஃப்ளுயன்ட்னா சாயப்பட்டறைக் கழிவு மாதிரி ஆத்துல கலக்குறது, நம்ம மனசுல அதுதான் பதிஞ்சிருக்கு. ஆனா எஸ்டிபி ரிப்போர்ட்ல எஃப்ளுயன்ட்ங்கிறது கடைசியில வெளிய வர்ற தண்ணி, உள்ள வர்ற கழிவுக்கு இன்ஃப்ளுயன்ட்னு பேர். ரெண்டையும் 'கழிவுநீர்'னு மொழிபெயர்த்து அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல போட்டா, வீட்டுக் கழிவுநீர்ல சாதாரணமா இருக்கிற பிஓடி (தண்ணில எவ்வளவு அழுக்கு இருக்குன்னு காட்டுற அளவு) 250ஐ பாத்துட்டு பிளான்ட் வேலையே செய்யலன்னு சண்டை வரும். உள்ளே வருவது, வெளியே போவதுன்னு எழுதிட்டா அந்தக் குழப்பமே இல்ல.

இதெல்லாம் விட எனக்குப் பெரிய கவலை கழிவுநீர் முதல்ல வந்து விழுற கலெக்ஷன் டேங்க் மூடி மேல இருக்கிற போர்டு. "கழிவுநீர் தொட்டி"ன்னு மட்டும் இருக்கும். உள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு சேர்ந்திருக்கும், கொஞ்சமா இருக்கும்போது அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், 100 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துக்கு 100 பங்கு) அளவுக்குப் போனா மூக்கே மரத்துப் போயிரும், நாத்தம் போயிருச்சுன்னு நினைச்சு மோட்டார்ல சிக்கின துணிய எடுக்க இறங்கினவர் அப்படியே விழுவார். அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார். இப்படி ரெண்டு மூணு பேர் சேர்ந்து போனதா எத்தனை செய்தி படிச்சிருக்கோம். கையால மலம் அள்ளுறதைத் தடை பண்ற 2013 சட்டம் பாதுகாப்பு இல்லாம ஆளை இறக்கக் கூடாதுன்னு சொல்லுது, 2023ல உச்ச நீதிமன்றம் செத்தவங்க குடும்பத்துக்கு 30 லட்சம் குடுக்கணும்னு சொல்லுச்சு, ஆனா அந்த மூடியைத் திறக்கிறவருக்கு இதெல்லாம் யார் சொன்னா?

நாங்க இப்ப மூடி மேல எழுதறது இதுதான்: "கக்கூஸ் தண்ணி விழுற தொட்டி. உள்ள விஷவாயு இருக்கும், நாத்தம் இல்லன்னாலும் இருக்கும். யாரும் இறங்காதீங்க. உள்ள ஒருத்தர் விழுந்திருந்தாலும் இறங்காதீங்க, ஃபயர் சர்வீசக் கூப்பிடுங்க, 101." தமிழ்லயும் ஹிந்திலயும், மூடியைத் திறக்க குனியறவர் கண்ணுக்கு நேரா தெரியற மாதிரி. எழுதி மாட்டினதும் நைட் ஷிப்ட் ஆபரேட்டரை அதைப் படிக்கச் சொல்லி, அவர் வார்த்தையில திருப்பிச் சொல்லச் சொல்லுங்க, படிக்கத் தெரியலன்னா பக்கத்துல நின்னு சொல்லிக் குடுங்க.