மழைக்காலத்தில் செடி வாடுவது ஏன்?

ஐப்பசி பிறந்துவிட்டால், மாடித்தோட்டம் வைத்திருப்போர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மழையும் பெய்கிறது, நானும் தண்ணீர் ஊற்றுகிறேன், ஆனாலும் கத்தரி வாடுகிறதே?" சென்னையைப் போன்ற கடலோர ஊர்களில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ப்பதால், தோட்டக்கலை ஆலோசகராக நான் முதலில் பார்ப்பது இலையை அல்ல, செடி வளர்க்கும் பையின் அடிப்பக்கத்தை.

சென்ற ஆண்டு ஒரு வீட்டில் பார்த்த கத்தரிப் பையில், நீர் வடியும் துளைகள் நான்கையும் வேரும் தென்னை நார்க்கழிவும் சேர்ந்து அடைத்திருந்தன. கம்பியால் குத்தியதும் கறுத்த நீர் அழுகல் வாடையுடன் வடிந்தது. வெளுத்திருக்க வேண்டிய வேர் பழுப்பேறியிருந்தது; விரலால் இழுத்தபோது அதன் தோல் உரிந்து, நடு நரம்பு மட்டும் நூல் போலக் கையில் வந்தது. மண்ணில் காற்று இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் நீர் பிடித்துக்கொண்டால் வேரால் சுவாசிக்க முடியாது, சுவாசிக்க முடியாத வேரால் நீரை உறிஞ்சவும் முடியாது என்பதால், செடி நீருக்குள் நின்றபடியே வாடுகிறது. அதைத் தாகம் என்று எண்ணி மேலும் ஊற்றுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு, மனம் வருந்தச் செய்யும் தவறும் அதுவே. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டுப்பட்டால் அன்று ஊற்ற வேண்டாம்.

நாற்றுகளுக்கு ஆபத்து இன்னும் விரைவாக வரும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர் கோத்தது போல் மெலிந்து, முதல் நாள் நிமிர்ந்து நின்ற தக்காளி நாற்று மறுநாள் காலையில் படுத்துக் கிடந்தால், அது நாற்றழுகல் நோய். விதைகளை நெருக்கமாகத் தூவாமல் இடைவெளி விடுவதும், விதைக்கும் முன் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்ற அளவில், வீட்டுத் தேவைக்கு ஒரு சிட்டிகை, டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சாணப் பொடியைக் கலப்பதும் நல்ல பாதுகாப்பு. ஆனால் அது உயிருள்ள பூஞ்சாணம் என்பதால் ரசாயனப் பூஞ்சாணக்கொல்லியுடன் சேர்த்துக் கலக்கக் கூடாது.

இந்த வேலைகளைப் புரட்டாசியிலேயே முடிப்பது நல்லது. பைகளைச் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். முருங்கையின் நீண்ட கிளைகளைக் காற்று முறிக்கும் முன் நீங்களே கழித்துவிடுங்கள். தண்டுக்கீரையைக் கனமழை சாய்த்துவிடும் என்பதால் இந்த மாதங்களில் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் வளர்ப்பதே என் பரிந்துரை. தொட்டிகளுக்கு அடியில் வைக்கும் தட்டுகளையும் எடுத்துவிடுங்கள். அவற்றில் தேங்கும் தெளிந்த நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து முழுக் கொசுவாகிவிடும்.

நான் சொன்ன அந்தக் கத்தரியைக் காப்பாற்ற முடியவில்லை. அதே வரிசையிலிருந்த மற்ற ஆறு பைகளின் துளைகளைத் திறந்து, ஐந்து நாட்கள் தண்ணீர் ஊற்றாமல் கூரையடியில் வைத்தோம். கார்த்திகையில் அவை துளிர்த்தன.