மரத்திலிருந்து காடு செய்வது எப்படி?

எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் காட்டுக்கென்று தனி வேர்ச்சொல் படிக்க வேண்டியதில்லை. மரம் அர்போ, காடு அர்பாரோ. நடுவில் நுழைந்த 'அர்' என்ற பின்னொட்டுதான் வேலையைச் செய்கிறது.

1887-இல் வார்சாவில் இந்த மொழியை வெளியிட்ட சாமென்ஹோஃப், போலிஷ், ரஷ்யன், ஜெர்மன், யூதர்களின் இத்திஷ் நான்கும் புழங்கிய பியாவிஸ்தோக் நகரில் பிறந்தவர். தமிழும் தெலுங்கும் உருதும் மார்வாடியும் ஒரே தெருவில் காதில் விழும் சென்னை சௌகார்பேட்டைக்காரருக்கு, பொதுமொழிக்கான அவர் தவிப்பு சட்டென்று புரியும். பொதுமொழி என்றால் மனப்பாடச் சுமை குறையவேண்டும். அதற்குத்தான் இந்த ஒட்டுகள்.

'அர்' வெறும் பன்மை அல்ல. பெரம்பூர்த் தெருவோரம் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் மரங்கள் 'அர்போய்', அதுதான் பன்மை. எல்லாம் சேர்ந்து ஒரே பொருளாகிவிட்டால்தான் அர்பாரோ. காசிமேட்டில் இந்த ஒட்டுக்கு ஓயாத வேலை இருக்கும்: மீன் ஃபிஷோ, மீன் கூட்டம் ஃபிஷாரோ, கப்பல் ஷிபோ, கப்பல் தொகுதி ஷிபாரோ. சொல்லுக்கு வோர்த்தோ என்றால் அகராதி வோர்த்தாரோ!

எனக்குப் பிடித்தது ஒட்டுகளின் வரிசை. 'எத்' என்றால் சிறியது. மரத்தோடு முதலில் 'அர்', அப்புறம் 'எத்' சேர்த்தால் அர்பரேத்தோ: சின்னக் காடு, அதாவது தோப்பு. இடம் மாற்றினால் அர்பெத்தாரோ: சின்ன மரங்களின் கூட்டம், அதாவது புதர். ஒவ்வொரு ஒட்டும் தனக்கு முன்னால் இருப்பதை மட்டுமே பார்க்கும். முன்னதில் சிறுத்தது காடு, பின்னதில் சிறுத்தது மரம். எண்ணூர்க் கழிமுகத்தில் மிஞ்சியிருக்கும் அலையாத்தித் திட்டுகளை எதில் சேர்ப்பது? சுருங்கியது பரப்பு, எனவே அர்பரேத்தோ என்பேன்.

ஆனால் இந்தக் கணக்கில் மரமில்லாமல் காடில்லை. நம் காடு அப்படியா? சோளக்காட்டில் மரம் எங்கே? தமிழில் காடு பல இடங்களில் நிலத்தையே குறிக்கிறது. மொழிக்காக 1939-இல் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் அடங்கியிருக்கும் மூலக்கொத்தளம் இடுகாட்டைச் சொல்ல எஸ்பெராண்டோவில் அர்பாரோ உதவாது. கல்லறையான தோம்போவோடு, இடத்தைக் குறிக்கும் 'எய்' சேர்த்துத் தோம்பெயோ என்றாகவேண்டும்.

சோன்யா லாங் 2001-இல் வெளியிட்ட டோக்கி போனா இதில் நமக்குக் கொஞ்சம் நெருக்கம். சுமார் 120 சொற்களே கொண்ட செயற்கை மொழி. 'மா' நிலம், 'காசி' செடிகொடி. (காசிமேட்டுக்கும் இந்தக் காசிக்கும் சம்பந்தமில்லை.) 'மா காசி' காடாகலாம், வயலாகலாம், தோட்டமாகலாம், பேச்சின் சூழல்தான் முடிவு செய்யும். சோளக்காடும் எண்ணூர் அலையாத்தியும் அதற்குள் சேர்ந்தே அடங்கும். இடுகாட்டுக்கு அங்கேயும் வேறு சொற்களைத்தான் கோக்கவேண்டும்.