சவ்வுக்கு வந்து சேராத கால்வாய்கள்

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயச் செல் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்பியாக வேண்டும். உள்ளிருக்கும் பொட்டாசியம் அயனிகள் வெளியேறினால்தான் அது நடக்கும். அதற்கு வழிவிடும், செல்லைச் சூழ்ந்த சவ்வில் பதிந்த முக்கியமான புரதக் கால்வாய்களில் ஒன்று ‘ஹெர்க்’. சவ்வில் இது குறைந்தால் செல் மீளத் தாமதமாகிறது. இசிஜியில் க்யூடி இடைவெளி, அதாவது கீழறைகள் மின்னளவில் தூண்டப்பட்டு மீண்டும் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம், நீள்கிறது. சில சமயம் இதயத்தின் கீழறைகள் தாறுமாறாகத் துடித்து ஆள் மயங்கி விழுவார், உயிரும் போகலாம். நீள் க்யூடி நோயின் 2ஆம் வகை இது. திடீரென அலாரம் அடித்தாலே சிலருக்கு ஆபத்து.

மரபணுப் பிழை என்றதும், கால்வாயின் துளைதான் கெட்டிருக்கும் என்று தோன்றும். ஆனால் புரதத்தின் கட்டுமான அலகான அமினோ அமிலம் ஒரேயொன்று மாறும் ஹெர்க் பிழைகளில் பெரும்பாலானவற்றில் கால்வாய் சவ்வுக்கே வந்து சேர்வதில்லை.

ஹெர்க், செல்லுக்குள் புரதங்கள் உருவாகி மடியும் இடமான எண்டோபிளாச வலையில் உருவாகிறது. நான்கு மூலக்கூறுகள் சேர்ந்தால்தான் ஒரு கால்வாய். அங்கே ஒட்டப்படும் சர்க்கரைச் சங்கிலி, புரதங்களைப் பக்குவப்படுத்தி அனுப்பும் கோல்கை உறுப்பில் இன்னும் விரிவடைந்த பிறகே சவ்வுக்குப் பயணம். எடையை வைத்தே புரதம் எதுவரை வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்: முதிராதது சுமார் 135 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு), முதிர்ந்தது சுமார் 155. பிழையுள்ள புரதத்தைச் சோதித்தால் பெரும்பாலும் 135 மட்டுமே தெரியும். சரியாக மடியாத புரதத்தைச் செல் வெளியே விடாமல் பிடித்துச் சிதைத்துவிடுகிறது. சில பிழைகளில், அதனுடன் இணைந்த நல்ல மூலக்கூறுகளும் சேர்ந்தே சிக்கிக்கொள்கின்றன. மற்றொரு மரபணுப் பிரதி நன்றாக இருந்தும் பயனில்லாமல் போகிறது.

இந்தக் கண்காணிப்பு தேவைக்கும் அதிகமாகக் கறாரானது என்பதே என்னை மிகவும் ஈர்க்கிறது. 470ஆம் இடத்தில் அஸ்பராஜின் அஸ்பார்டிக் அமிலமாக மாறிய ஹெர்க்கை 1999இல் ஆராய்ந்தார்கள். செல்களை உடல் வெப்பத்தைவிடக் குறைவான 27 டிகிரி செல்சியஸில் வைத்ததும் அந்தக் கால்வாய் சவ்வை அடைந்தது, அயனிகளையும் கடத்தியது! இ-4031 என்ற மருந்தும் அதை வெளியே கொண்டுவந்தது. ஆனால் அது ஹெர்க்கின் துளையையே அடைக்கும் மருந்து என்பதால் சிகிச்சைக்கு உதவாது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபணு நோய்க்கான லுமகாஃப்டர் மருந்து, நீள் க்யூடி நோயாளிகளின் குருத்தணுக்களிலிருந்து வளர்த்த இதயச் செல்களில் பலன் காட்டியிருக்கிறது. எல்லாப் பிழைகளுக்கும் அது பொருந்தவில்லை. ஆகவே யாருக்கு எந்தப் பிழை என்று தெரிந்துகொள்வது மிக முக்கியம்.

மரபணு நன்றாக இருப்பவர்களுக்கும் இந்தப் பயணம் தடைபடலாம். சில தொற்றுகளுக்குத் தரும் பென்டமிடின் மருந்தும், ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் ஆர்சனிக் ட்ரை ஆக்சைடும் ஹெர்க் சவ்வுக்குப் போவதைத் தடுக்கின்றன. விளைவு வெளிப்படப் பல மணி நேரமாகும். புதிய மருந்தைச் சில நிமிடங்கள் சோதித்து, துளை அடைபடவில்லை என்று கண்டு பாதுகாப்பானதென முடிவுகட்டினால் இந்த ஆபத்து கண்ணில் படாது.