கல்லுக்குள் வளரும் உப்பு

இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரில் 1140-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட கில்பெக் கிராமத்துக் கிறிஸ்தவப் பங்குக் கோயிலின் படங்களைப் பார்த்த வாசகர் ஒருவர், ஏறத்தாழ 900 ஆண்டுகளாக மழையிலும் பனியிலும் நிற்கும் மணற்கல் சிற்பங்கள் இத்தனை கூர்மையோடு இருப்பது எப்படி என்று கேட்டிருந்தார். தென்வாசல் வளைவுக்குள் ஜீவவிருட்சம், நிலைக்கால்களில் கொடிகளுக்கிடையே சிக்கிய வீரர்கள், இறவாரத்தின் கீழ் அருகருகே தலை நீட்டும் நாயும் முயலும் என அந்த ரோமனெஸ்க் (இடைக்கால ஐரோப்பியக் கலைப்பாணி) சிற்பங்கள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. வீரர்களின் உடையில் வரிவரியாக விழும் மடிப்புகளைக்கூட எண்ணிவிடலாம்.

அதே சிற்ப மரபினர் அதே மாவட்டத்தின் ஷாப்டனில் இருந்த கோயிலிலும் வேலை செய்தார்கள். அந்தக் கோயில் 1750-களில் இடிக்கப்பட்டபோது, அதன் வளைவுகள் பெயர்த்தெடுக்கப்பட்டு ஒரு குன்றின்மேல் திறந்தவெளியில் நிறுத்தப்பட்டன. மகிமையில் வீற்றிருக்கும் கிறிஸ்துவும், பாதாளத்தில் இறங்கி ஆத்துமாக்களை மீட்கும் கிறிஸ்துவும் அங்கே இன்று உருத்தெரியாத அளவுக்குத் தேய்ந்திருக்கிறார்கள்.

மணற்கல்லின் மணிகளுக்கிடையே நுண்துளைகள் உண்டு. அவை நீரை உறிஞ்சும். அந்த நீர் உறைந்தால் ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும் என்பது பள்ளியில் படித்ததுதான். உப்பின் வேலை இதைவிட வியப்பானது. கல் உலரும்போது ஆவியாதல் பெரும்பாலும் மேற்பரப்புக்குச் சற்று உள்ளே நடப்பதால், நீரில் கரைந்திருந்த உப்பு அங்கேயே படிகமாகிறது. வளரும் படிகம் துளையின் சுவரை முட்டியதும் நின்றுவிடும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். ஆனால் படிகத்துக்கும் சுவருக்கும் நடுவே மிக மெல்லிய கரைசல் படலம் எஞ்சுகிறது. அதன் வழியே அயனிகள் (கரைந்த உப்பின் நுண்துகள்கள்) வந்து சேர்ந்துகொண்டே இருப்பதால், சுவரிடுக்கில் முளைத்த ஆலங்கன்றைப் போல, படிகம் வளர்ந்தபடியே கல்லை நெம்புகிறது. நனைந்து உலரும் ஒவ்வொரு முறையும் இது தொடர, ஒருநாள் மேல்தோல் செதிலாக உதிர்கிறது.

புடைப்புச் சிற்பத்தில் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கும் விரல்களும் பல பக்கங்களிலும் நனைந்து உலர்வதால், அவையே முதலில் போகின்றன. வளைவு உறுதியாக நிற்கும்போதே முகம் அழிந்துவிடுகிறது. கில்பெக்கில் சுவருக்கு மேல் கூரை இருக்கிறது. இறவாரம் மழையைத் தள்ளி விடுகிறது. ஷாப்டன் வளைவுகளோ முன்னும் பின்னும் மேலும் நனைகின்றன.

ஆகவே, பழைய கோயில்களுக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு கூரைக்கும் மழைநீர்க் குழாய்களுக்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அடுத்த பங்கு, சிற்பங்கள் கூர்மையாக இருக்கும்போதே அவற்றை முப்பரிமாணத்தில் பதிவு செய்வதற்கு. ஷாப்டனின் கிறிஸ்து எப்படி இருந்தார் என்பதை அறிய, 1852-இல் ஓவியர் ஜார்ஜ் ராபர்ட் லூயிஸ் வெளியிட்ட ஓவியங்களைத்தான் ஆய்வாளர்கள் இன்று நாட வேண்டியிருக்கிறது.