அலர்ஜி, ஒவ்வாமை, செரியாமை

இறால் தின்ற கால் மணி நேரத்தில் ஒருவருக்கு உதடு தடித்து, முதுகெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்து அரிக்கிறது. பால் குடித்தால் இன்னொருவருக்கு வயிறு உப்பிப் பொருமுகிறது. இருவரும் சொல்வது ஒன்றுதான்: 'எனக்கு அது ஒவ்வாது.' பேச்சில் இது பிழையில்லை. மருத்துவத்தில் இரண்டும் வெவ்வேறு.

அலர்ஜி என்ற சொல்லை 1906-இல் உருவாக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே. கிரேக்கத்தில் அல்லோஸ் என்றால் வேறு. எர்கோன் என்றால் செயல். குதிரைச் சீரம் (குதிரை இரத்தத்தின் தெளிநீரில் செய்த மருந்து) ஊசியை இரண்டாம் முறை போட்டுக்கொண்ட குழந்தைகளுக்கு எதிர்வினை முன்னைவிட விரைவாக வந்ததை அவர் கவனித்திருந்தார். ஒருமுறை கண்ட பொருளை உடல் நினைவில் வைத்து, மறுமுறை வேறாக வினையாற்றுகிறது என்பதே அச்சொல்லின் கரு.

தமிழில் ஒவ்வுதல் என்றால் பொருந்துதல். அதன் எதிர்மறை ஒவ்வாமை. அழகான சொல்; ஆனால் உடலுக்குப் பொருந்தாத அனைத்தையும் அது அள்ளிக்கொள்கிறது. நோயெதிர்ப்பு மண்டலம் தவறாகப் போர் தொடுக்கும் நிலைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வதே சரி என்பேன்.

அதிலும் வகைகள் உண்டு. இறால், வேர்க்கடலை போன்றவற்றால் பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வருவது ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் புரதத்தின் வேலை. மாஸ்ட் செல்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்களின் மேல் காத்திருக்கும் அது, உணவின் புரதத்தைக் கண்டதும் அவற்றைத் தூண்ட, அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் கொட்டுகிறது. நம் ஊரில் காணாக்கடி என்பார்களே, அந்தத் தடிப்பை எழுப்புவதும் பெரும்பாலும் இந்த ஹிஸ்டமின்தான். கடித்த பூச்சி எதுவும் இருப்பதில்லை. மூச்சுத்திணறலோ மயக்கமோ சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து; உடனே அட்ரினலின் ஊசி வேண்டும்.

ஐஜிஇ சாராத வகை தாமதமாக வரும். பால், சோயா, ஏன், அரிசி தின்றும்கூடச் சில கைக்குழந்தைகள் ஒன்று முதல் நான்கு மணி நேரம் கழித்து விடாமல் வாந்தியெடுத்து வெளுத்துத் துவண்டுவிடும். தோல் பரிசோதனையில் பெரும்பாலும் எதுவும் தெரியாது என்பதால் பெற்றோர் அலைக்கழிகிறார்கள். இரண்டும் கலந்த வகையும் உண்டு: உணவுக்குழாயில் ஈசினோஃபில் வெள்ளணுக்கள் குவிந்து, விழுங்கிய சோறு நெஞ்சில் அடைக்கும்.

பால் குடித்து வயிறு பொருமுகிறவருக்கோ லாக்டோஸ் என்னும் பால்சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதிதான் குறைவு. இதில் நோயெதிர்ப்புக்கு வேலையே இல்லை. இதைப் 'பால்சர்க்கரை செரியாமை' என்று பிரித்து எழுத வேண்டும். இரண்டையும் 'பால் ஒவ்வாமை' என்றே எழுதினால், பால் புரதம் ஒவ்வாத குழந்தைக்கு யாராவது லாக்டோஸ் நீக்கிய பாலைக் கொடுத்துவிடுவார்கள். அதில் கேசின் புரதம் அப்படியே இருக்கிறது.