அலையோடு வளையும் ஓடுபாதை

2000-ஆம் ஆண்டு, ஜப்பானின் யோகோசுகா கரையோரத்தில் சிறு விமானங்கள் கடல்மேல் இறங்கி ஏறின. அவை இறங்கியது கப்பலில் அல்ல, 1000 மீட்டர் நீளமுள்ள மிதக்கும் எஃகுத் தளத்தில். பெயர் மெகா ஃப்ளோட், மிதக்கும் ஓடுபாதைக்கான சோதனைத் தளம். அதன் உயரம், அதாவது மேல்தட்டிலிருந்து அடித்தட்டு வரை, வெறும் 3 மீட்டர். ஒரு மீட்டர் நீளப் பாய் 3 மில்லிமீட்டர் தடிமனில் இருந்தால் எப்படியோ, அப்படி. கடலில் விரித்த பாய் என்றே சொல்லிவிடலாம்.

மிதப்பது இதில் பெரிய விஷயமில்லை. ஒரு சதுர மீட்டர் தளம் ஒரு மீட்டர் ஆழத்துக்கு அமிழ்ந்தால், சுமார் ஒரு டன் எடையைக் கடல்நீர் தாங்கிக்கொள்ளும். உடையாமல் இருப்பதுதான் விஷயம். கப்பலின் நடுவில் அலைமுகடு வந்தால் இரு முனைகளும் தொங்கும். முனைகளில் முகடு வந்தால் நடு தொய்யும். அதனால் கப்பலை விறைப்பாகக் கட்டுகிறார்கள். ஒரு கிலோமீட்டர் தளத்தை அப்படி விறைப்பாக்க நினைத்தால் எஃகுக்கு முடிவே இருக்காது. ஆகவே வளையட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒரே நேரத்தில் பல அலைகள் அடியில் இருக்கும். ஓரிடத்தில் தூக்கினால் பக்கத்தில் இறக்கும். அலை மோதும் விளிம்பு நன்றாக அசையும், உள்ளே போகப்போக அசைவு அடங்கிவிடும்.

இவ்வளவு நீளத்தை ஒரே துண்டாகக் கட்டி இறக்கும் அளவுக்குக் கப்பல் கட்டும் தளம் கிடையாது. அங்கே தனித்தனிப் பெட்டிகளாகச் செய்து, இழுத்துவந்து, கடலிலேயே பற்றவைத்தார்கள். இந்த இடம்தான் எனக்கு வியப்பு. இரண்டு பெட்டிகளும் அலையில் அதனதன் போக்கில் ஆடும். அவற்றை நெருக்கி அசையாமல் பிடிக்க வேண்டும். அடித்தட்டின் இணைப்பு நீருக்குள் இருக்கிறது. இடைவெளியை அடைத்து, நீரை இறைத்து, உலர்ந்த பிறகே பற்றவைக்க முடியும். வெயில் வேறு. மேல்தட்டு சுடும், அடித்தட்டு கடல்நீரில் குளிர்ந்து கிடக்கும். காயும் ஓலை போலப் பெட்டி வளைய, சேர வேண்டிய விளிம்புகள் விலகும். 1000 மீட்டர் எஃகு 20 டிகிரி சூடேறினாலே சுமார் 24 சென்டிமீட்டர் நீளும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

படகுத்துறைகளில் இதே யோசனையைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். அரை மீட்டர் சதுர பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொன்றின் நான்கு மூலையிலும் ஒரு காது, ஆனால் நான்கும் நான்கு உயரத்தில். நான்கு பெட்டிகளை மூலையோடு மூலை சேர்த்தால் காதுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். நடுவில் ஒரே ஒரு முளையைச் செருகித் திருகினால் போதும். ஒரு பெட்டி சுமார் 90 கிலோ தாங்கும். நடந்தால் காலடியில் லேசாக நெளியும். பயப்பட வேண்டாம், அந்த நெளிவு இருப்பதால்தான் இணைப்பு முறியாமல் இருக்கிறது.

மெகா ஃப்ளோட்டைக் கட்டிப்போட்டதும் இதே பாணியில்தான். கடலடியில் ஊன்றிய தூண்களைத் துறைமுகக்காரர்கள் டால்ஃபின் என்பார்கள். அவை தளத்தைப் பக்கவாட்டில் போகவிடாது; ஓதத்துக்கு, அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஏறி இறங்க மட்டும் விடும். இதெல்லாம் அலை அடங்கிய விரிகுடாவுக்குத்தான். பெருங்கடலின் நீண்ட அலைக்கு இந்தப் பாய் தாங்காது. அங்கே நீருக்குள் ஆழ இறங்கும் தூண்கள்மேல் தளத்தை நிறுத்த வேண்டும்.

சோதனை முடிந்ததும் தளத்தைத் துண்டுகளாக வெட்டிப் பிரித்தார்கள். ஒரு துண்டு, 136 மீட்டர் நீளம், 46 மீட்டர் அகலம், ஷிமிசு துறைமுகத்தில் மக்கள் தூண்டில் போடும் பூங்காவானது. 2011 சுனாமிக்குப் பிறகு ஃபுகுஷிமா அணு உலை வளாகத்தில் கதிரியக்கம் கலந்த நீரைச் சேர்த்துவைக்க இடமில்லாமல் திணறியபோது, அந்தத் துண்டைத்தான் இழுத்துப் போனார்கள். 10,000 டன் நீர் கொள்ளும் வயிறு அதற்கு இருந்தது. பின்னாளில் அதே வளாகத்தின் துறைமுகத்துக்குள் தரைதட்ட வைத்து, உள்ளே நிரப்பி, கப்பல்கள் வந்து நிற்கும் மேடையாக்கினார்கள்.