ஒரு ஹைட்ரஜன் இடம் மாறினால்

சானிடைசரில் இருக்கும் எத்தனாலையும், ஸ்பிரே டப்பாக்களில் உந்துவாயுவாக அடைக்கப்படும் டைமெத்தில் ஈதரையும் அணு அணுவாகப் பிரித்து எண்ணினால் கணக்கு ஒன்றுதான்: கார்பன் 2, ஹைட்ரஜன் 6, ஆக்சிஜன் 1. மூலக்கூறு எடையும் ஒன்றே, 46. ஆனால் எத்தனால் கொதிப்பது 78 டிகிரி செல்சியஸில். டைமெத்தில் ஈதரோ சுமார் மைனஸ் 25 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடும்.

எத்தனாலில் ஆக்சிஜன் ஓரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கார்பனையும் மறுபக்கம் ஒரு ஹைட்ரஜனையும் பிடித்திருக்கிறது. ஈதரில் அதன் இரு பக்கமும் கார்பன். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும். ஹைட்ரஜனிடம் இருப்பதே ஒரே ஒரு எலக்ட்ரான். அதுவும் போனபின் அது பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனிடம் ஒட்டப் பார்க்கும். இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. இதை ஒரு கொடுக்கல் வாங்கலாக நினைத்துக்கொள்ளலாம். எத்தனால் போன்ற ஆல்கஹால் ஹைட்ரஜனை நீட்டவும் செய்யும், அடுத்தது நீட்டுவதை வாங்கவும் செய்யும். ஈதருக்கு வாங்க மட்டுமே தெரியும். வாங்குபவர்கள் மட்டுமே கூடிய சந்தையில் வியாபாரம் எப்படி நடக்கும்? ஈதர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று லேசாகத்தான் பற்றிக்கொள்கின்றன. கொஞ்சம் சூடு பட்டாலே பிரிந்து பறந்துவிடுகின்றன.

இதைக் கையிலேயே உணரலாம். ஆய்வகங்களில் வெறுமனே 'ஈதர்' என்று சொல்லப்படும் டைஎத்தில் ஈதரின் கொதிநிலை 35 டிகிரி, நம் உடல் சூட்டைவிடக் குறைவு. ஒரு சொட்டு தோலில் பட்டால் ஐஸ் வைத்தது போல் சில்லென்று இழுத்து, துடைப்பதற்குள் காணாமல் போயிருக்கும். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் நோயாளிக்கு மயக்கம் கொடுத்துக் காட்டியது இந்த ஆவியை வைத்துத்தான். எளிதில் ஆவியாவதே அதன் ஆபத்தும்கூட. காற்றைவிட இரண்டரை மடங்கு கனமான அந்த ஆவி மேசையிலிருந்து வழிந்து தரையோடு தவழ்ந்து, தூரத்தில் எரியும் தீயை எட்டிவிடும்.

அப்படியானால் ஈதர் தண்ணீரிலும் கரையக்கூடாதே? 'ஆல்கஹால் கரையும், ஈதர் கரையாது' என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். டைஎத்தில் ஈதரின் அதே அணுக்கணக்கு கொண்ட ஆல்கஹால் பியூட்டனால். அது கொதிக்க 118 டிகிரி வேண்டும். ஆனால் 100 மில்லி தண்ணீரில் ஊற்றினால் இரண்டுமே 6 முதல் 8 கிராம் வரைதான் கரையும். காரணம், தண்ணீர் கொடுக்கத் தெரிந்தது. கொடுக்க ஆள் கிடைத்தால் ஈதரும் வாங்கிக்கொள்ளும்.

பியூட்டனாலுக்குள்ளேயே இன்னொரு வேடிக்கை உண்டு. நீளமாக நிற்கும் நான்கு கார்பன்களை உருண்டையாகச் சுருட்டி, நடுக் கார்பனில் ஆக்சிஜனை வைத்தால் டெர்ட்-பியூட்டனால். கொதிநிலை 118-லிருந்து 82-க்கு இறங்கிவிடும். உருண்டைகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு குறைவு, ஆக்சிஜனை நெருங்கவும் இடம் நெருக்கடி. ஆனால் உருண்டைகளை ஒழுங்காக அடுக்குவது சுலபம். அதனால் சுமார் 25 டிகிரியிலேயே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் வராது. வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஈதரையும் வளைக்கலாம். டைஎத்தில் ஈதரின் இரு கார்பன் வால்களும் தலைவிரி கோலமாக ஆடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் ஆக்சிஜனை நெருங்குவதற்கு அவை குறுக்கே வரும். இரண்டு ஹைட்ரஜனைக் கழற்றி, வால்களின் நுனியைக் கோத்து வளையமாக்கினால் டெட்ராஹைட்ரோஃபியூரான். முடியை அள்ளிக் கொண்டை போட்டதும் முகம் தெரிவது போல ஆக்சிஜன் துருத்திக்கொண்டு நிற்கும். டைஎத்தில் ஈதரைத் தண்ணீரில் ஊற்றிக் குலுக்கி வைத்தால் மேலே தனி அடுக்காக மிதக்கும். டெட்ராஹைட்ரோஃபியூரானை எவ்வளவு ஊற்றினாலும் அடுக்கே கட்டாது.